பழைய ரோட்டுக் கட்டியால் மனையில் மஞ்சள் தண்ணீர்: வழக்கா, சமாதானமா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): வாலாஜா பக்கம் எங்கள் 5 சென்ட் மனை பள்ளமாக இருந்தது. போன ஐப்பசியில் ஒரு காண்ட்ராக்டர், பழைய ரோட்டைப் பெயர்த்த கட்டியும் ஜல்லியுமாக 22 லோடு அடித்தார். அப்போது பெய்த மழையிலேயே மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. பேத்திக்குக் கையெல்லாம் அரிப்பு. நாலு கட்டியைப் பையில் போட்டு ஆய்வகத்தில் கொடுத்தோம். குரோமியம் இருப்பதாக வந்தது. இப்போது ஆடியில் வந்து, "அள்ளிவிடுகிறேன், 2 லட்சமும் தருகிறேன், விட்டுடுங்க" என்கிறார். அவரைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும். - ஒரு வாசகி

பதில்: அம்மா, அவர் பேசிய பேச்சைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வழக்குக்கு அதில் எதுவும் உதவாது. பேத்தியைத் தோல் மருத்துவரிடம் காட்டிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் இந்தக் கட்டியால்தான் அரிப்பு வந்தது என்று நிரூபிப்பது லேசில்லை. உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: மனையில் கிடப்பது அந்த ரோட்டிலிருந்து அவர் லாரியில் வந்ததுதான் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்?

ஆய்வக அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'மாதிரி வாடிக்கையாளரால் கொண்டுவரப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அது போதும். அதோடு, பார்த்திருப்பது மொத்த குரோமியம். தோல் பதனிடுவதில் சேரும் குரோமியம் வேறு. தண்ணீரை மஞ்சளாக்கும், நஞ்சு அதிகமான ஆறு இணைதிற (ஹெக்ஸாவேலன்ட்) குரோமியம் வேறு. 2016 அபாயக் கழிவு விதிகள் கேட்பது எவ்வளவு கரைந்து வெளியே வருகிறது என்பதை. வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அறிக்கையில் அந்தச் சோதனையே இல்லை. பழைய ரோடுகளில் நிலக்கரித் தார் போட்ட காலமும் உண்டு, அதிலுள்ள நச்சுப் பொருள்களைப் பார்க்கும் பாலிஅரோமாட்டிக் (PAH) சோதனையையும் கேளுங்கள். தார்க்கட்டி, ஜல்லி, அடிமண் மூன்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கலந்து எடுத்தால் அளவு நீர்த்துப்போகும்.

1996 வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று அது சொன்னது உண்மை. செய்தவர் யார் என்று காட்டுவது உங்கள் வேலை.

காலக்கெடுவையும் பாருங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கான 14-ஆம் பிரிவுக்கு ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அந்தக் கதவு மூடிவிட்டது. இழப்பீடும் நிலத்தைச் சீராக்குவதும் கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு இருக்கிறது.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். தயவுசெய்து ஒரு கூடைகூட நீங்களாக அள்ளாதீர்கள், அவர் இஷ்டத்துக்கு அள்ளவும் விடாதீர்கள். ஆற்காடு பக்கம் என்னிடம் வந்த ஒருவர் பயந்துபோய், ராத்திரியில் ஜேசிபி வைத்து அள்ளி ஏரிக்கரையில் கொட்டிவிட்டார். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்ததும் டிப்பர் டிரைவர் இவர் பெயரைச் சொன்னார். இழப்பீடு கேட்க வேண்டியவர், கழிவு கொட்டியவர் ஆனார். காண்ட்ராக்டரோ, "நான் கொடுத்தது சுத்தமான கட்டி, ஏரியில் கிடப்பது வேறு" என்று பதில் மனு போட்டார். அதை மறுத்துக் காட்ட மனையில் ஒரு கல்கூட மிச்சமில்லை.

இன்னொன்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 11-ஆம் பிரிவுப்படி அரசு அதிகாரி வந்து மாதிரி எடுத்தால், இடத்தை வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் தந்து, அவர் எதிரில் சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த 'வைத்திருப்பவர்' நீங்கள்தான். மோசமான அறிக்கை வந்தால் சுத்தம் செய் என்ற உத்தரவு முதலில் உங்கள் வாசலுக்கு வரலாம். மனையை விற்க நினைத்தாலும் அந்தக் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு அப்படி.

ஆகவே சமாதானமாகப் போங்கள். 2 லட்சத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, அள்ளும் முறையில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில் இரு தரப்பும் நிற்க, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்து ஆளே வந்து மாதிரி எடுக்கட்டும். அபாயக் கழிவு என்று வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கழிவை ஏற்றிச் செல்வதற்கான படிவம் 10-உடன் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு அவர் செலவில் போக வேண்டும். அள்ளிய பிறகு அடிமண்ணில் மறுசோதனை. அது சுத்தமாக வரும்வரை 'முழுத் தீர்வு' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாரியத்திடம் புகார் செய்யமாட்டேன் என்று அவர் ஒரு வரி சேர்க்கச் சொல்வார். ஒப்பந்தச் சட்டத்தில் அது செல்லாது, ஆனாலும் எழுதித் தராதீர்கள், நாளைக்கு மூடி மறைத்தவர் என்று உங்களையும் சேர்த்துச் சொல்வார்கள்.

லோடு எழுதிய துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே பதிவு, லாரி நம்பர் தெரியும் போட்டோ, எது இருந்தாலும் அவரிடம் பேசும் முன் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு மூன்று மாதம்தான். இன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை யாரும் அதைக் குடிக்க வேண்டாம்.