அண்ணியின் பூ இருக்கட்டும், அம்மா பிறந்த மாதம் எது?

கேள்வி: அம்மாவுக்கு இந்த ஆண்டு எழுபது வயது. மேல்நாட்டில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பூ உண்டு என்பார்கள். குடும்பத்தில் எல்லோருடைய பிறந்த மாதப் பூக்களையும் ஒரே துணியில் எம்பிராய்டரி செய்து, சட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறேன். எனக்கு ஜனவரி, மஞ்சள் கார்னேஷன். அண்ணனுக்கு மார்ச், டாஃபடில். அம்மா பிறந்த மாதம் தெரியாததால் ஜூன் என்று வைத்து ரோஜா போட்டுவிட்டேன். அண்ணிக்கு அக்டோபர். அந்த மாதப் பூவான செண்டுமல்லிக்குத் துக்கம் என்று அர்த்தமாம். அதை மட்டும் மாற்றலாமா?

பதில்: அண்ணியின் பூவுக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பிடித்த நீங்கள், பெற்றவள் பிறந்த மாதத்தை ஊகித்து எழுதிவிட்டீர்கள். அதுவும் போகிற போக்கில், ஒரே வரியில். எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரிதான் உறுத்துகிறது.

முதலில் செண்டுமல்லி. பூவுக்கு அர்த்தம் சொல்லும் இந்தப் பட்டியல்கள் வேதவாக்கு இல்லை. 1819-ல் பாரிசில் ஷார்லட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் வந்த ஒரு நூல்தான் இந்த மோகத்தைப் பரப்பியது. பிறகு இங்கிலாந்தில் ஆளுக்கொரு பட்டியல் போட்டார்கள். 1884-ல் கேட் கிரீனவே படம் வரைந்து வெளியிட்ட நூலில் மேரிகோல்டுக்கு, அதாவது செண்டுமல்லிக்கு, துக்கம் என்றுதான் இருக்கிறது. அதே நூலில் மஞ்சள் கார்னேஷனுக்கு என்ன தெரியுமா? இளக்காரம். அது உங்கள் பூ. அதை மாற்றலாமா என்று நீங்கள் கேட்கவே இல்லையே! மஞ்சள் ரோஜாவுக்குத் தேய்ந்துபோகும் காதல், பொறாமை. நவம்பர் மாதத்துச் சாமந்தி பிரான்சில் கல்லறைக்குப் போகிறது, ஜப்பானில் அரச குடும்பத்தின் சின்னமாக நிற்கிறது. பூவுக்கு அர்த்தம் கொடுப்பது மனிதர்கள்தான். செண்டுமல்லி அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பெண்ணின் பூவில் மட்டும் குறை தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அம்மாவுக்கு வருவோம். எழுபது வருடத்தில் ஒரு தடவையாவது, "நீ எப்போம்மா பிறந்தே?" என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? உங்கள் பிறந்தநாளை அவர் ஒரு வருடமாவது மறந்திருப்பாரா? பிள்ளைகளுக்கு இது கடமை, நேரம் கிடைத்தால் செய்கிற உபகாரம் இல்லை. தேதி தெரியாவிட்டாலும், மழைக்காலத்திலா வெயிலிலா, எந்தப் பண்டிகையை ஒட்டி, எந்தக் குழந்தை பிறந்து எத்தனை மாதம் கழித்து என்று ஏதாவது ஒன்று வீட்டுப் பேச்சில் தங்கியிருக்கும். அவருடைய அம்மா சொன்னது அவர் நினைவில் இருக்கும். அவரைவிட மூத்த சொந்தக்காரர் ஒருவராவது இருந்தால் அவரையும் உடனே கேளுங்கள். அந்த வயதுக்காரர்கள் விஷயத்தில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

எவ்வளவு விசாரித்தும் மாதம் பிடிபடவில்லையா? அப்போதும் ரோஜா வேண்டாம். அம்மாவுக்குப் பிடித்த பூ எது என்று கேட்டு, அதையே நடுவில் பெரிதாகத் தைத்துக் கொடுங்கள். அந்தப் பூ எந்த மாதப் பட்டியலிலும் இல்லாவிட்டால் இருக்கட்டும்.

ரோஜாவை ஏற்கெனவே தைத்து முடித்திருந்தால் பிரித்துவிடுங்கள்.