நீட் போனது, மகள் ஜீன் தெரபி படிக்கிறேன் என்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

சார், நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. மகள் உண்மையிலேயே ஆசைப்பட்டுத்தான் ஜீன் தெரபி (செல்லுக்குள் மரபணுவை ஏற்றி நோயைக் குணப்படுத்துகிற மரபணு சிகிச்சை) ஆராய்ச்சி என்கிறாளா, இல்லை மருத்துவ சீட் கிடைக்காத வருத்தத்தில் சொல்கிறாளா என்பது ஒன்று. வருடத்துக்கு லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் கல்லூரியில் 'ஜெனிடிக் இன்ஜினியரிங்' பி.டெக் சேர்த்தால் வேலை கிடைக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன்: கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். ஏன் என்று விளக்க, இந்தத் துறையில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அந்த முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியானது. ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களுக்கு ரத்தம் உறைவதற்கான ஃபேக்டர் 8 என்ற புரதம் போதுமான அளவு உருவாகாது, அதற்கான மரபணுவில் பழுது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களை (மற்ற ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்கள்) பிரித்து எடுத்து, லேபில் வைத்து லென்டிவைரஸ் என்ற வைரஸ் மூலமாக நல்ல மரபணுவை உள்ளே ஏற்றி, கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் காலி செய்துவிட்டு, அந்த செல்களைத் திரும்ப அவர் உடம்பிலேயே செலுத்தினார்கள். ஐந்து பேரையும் கவனித்து வந்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம், அதில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. அதற்கு முன்பு ஃபேக்டர் ஊசியை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இதில் மருத்துவர் பார்க்கிற பகுதி முன்னாலும் பின்னாலும். நடுவில் அந்த வைரஸைச் செய்தது யார், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். லென்டிவைரஸ் என்பது எச்.ஐ.வி. குடும்பம், கேட்டதும் பதறாதீர்கள். அதன் மரபணுக்களைப் பிரித்துத் தனித்தனி பிளாஸ்மிட்களில் (வட்ட வடிவ சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வைத்து, உடம்புக்குள் போனபின் பெருக முடியாதபடி ஆக்கிவிடுகிறார்கள். அந்த பிளாஸ்மிட்களை லேபில் வளர்க்கிற எச்.இ.கே. 293 என்ற வகை மனித செல்களுக்குள் ஒன்றாகச் செலுத்தினால், செல்கள் இரண்டு மூன்று நாளில் வைரஸைச் செய்து வெளியே விடும். அதை வடித்து, செறிவாக்கி, எவ்வளவு வீரியம் என்று அளந்து, பாக்டீரியாவோ, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய நுண்கிருமியோ கலந்திருக்கிறதா என்று சோதித்து, ஒவ்வொரு படியையும் எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் எம்.எஸ்சி., பி.எச்டி. படித்தவர்கள். உங்கள் மகளுக்கான இடம் அங்கே இருக்கிறது.

கம்பெனிகளும் வந்துவிட்டன. ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோயாளியின் டி செல் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுவுக்குள் மரபணுவை ஏற்றுகிற வேலைதான். அமெரிக்காவில் 2017இல் வந்த, இதே வகைச் சிகிச்சையான கிம்ரியாவின் அப்போதைய விலை 4,75,000 டாலர், இங்கே கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் நம் குடும்பங்களுக்கு எட்டாத விலைதான், ஆனால் இந்த அளவுக்காவது குறைந்ததற்குக் காரணம் வைரஸையும் செல்லையும் இங்கேயே செய்தது.

பயிர்ப் பக்கம் போகலாமா என்று மகள் கேட்டால், படிக்க நல்ல துறை. கோவை வேளாண் பல்கலை, மதுரை காமராசர் பல்கலை, தரமணி சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாகச் செடிக்குள் மரபணு ஏற்றிப் பழகிய இடங்கள். வேலை விஷயத்தில் மட்டும் நிதானம். 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியைத் தவிர வேறெந்த மரபணு மாற்றுப் பயிரும் இன்னும் நம் விவசாயி கையில் சட்டப்படி போய்ச் சேரவில்லை, பி.டி. கத்தரிக்காய் 2010இலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

சரி, படிப்புக்கு வருகிறேன். பட்டத்தின் பெயரில் 'ஜெனிடிக்' இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, விலங்கியல், எதுவானாலும் ஒரு நல்ல அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. போதும். மதிப்பெண்ணும் அடிப்படையும் சரியாக இருந்தால் எம்.எஸ்சி.க்கு காட்-பி, ஜாம், க்யூட் பி.ஜி. என்று நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன, எந்தப் பல்கலை எதில் எடுக்கிறது என்பது மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது பெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வாங்கிக்கொண்டே பி.எச்டி. படிக்கலாம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கிடைக்கிற சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, அதை மறைக்க மாட்டேன். பி.டெக்கோடு நிறுத்தி ஐ.டி. கம்பெனிக்குப் போனவர்களையும் நிறையப் பார்க்கிறோம், அதற்கு எதற்கு இவ்வளவு ஃபீஸ்?

கல்லூரி பார்க்கப் போகும்போது பிராஸ்பெக்டஸை ஓரமாக வைத்துவிட்டு லேபைக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இருக்கும், பளபளவென்று இருக்கும். அதைத் திறந்து உள்ளே இன்றைக்கு உயிரோடு செல் வளர்கிறதா என்று கேளுங்கள். கண்காட்சிப் பொருளாக வைத்திருக்கிற இடத்தில் முகம் மாறும். மாணவர்கள் தாங்களே பிப்பெட் பிடிக்கிறார்களா, இல்லை ஒருவர் செய்ய இருபது பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று இரண்டாம் வருடப் பையன் ஒருவனைத் தனியாகக் கேளுங்கள். 'இரண்டு நாளில் கிரிஸ்பர்' (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) என்று காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிற பயிற்சிகளுக்கும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். செல் கல்ச்சர், அதாவது லேபில் செல் வளர்ப்பது, மாதக்கணக்கில் கை பழகி வருவது.

மகளின் ஆசை உண்மையா என்ற கேள்விக்கு ஒரு வழி இருக்கிறது. ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற பெயரை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். 1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் சேர்ந்து, மரபணு ஏற்றிய அடினோவைரஸைச் செலுத்தியதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி, நாலாம் நாள் இறந்துபோன 18 வயதுப் பையன். அந்தத் துறையே பல வருடம் பின்வாங்கியது. அவளே தேடிப் படித்துவிட்டு வந்து, அந்த வைரஸுக்கு உடம்பு ஏன் அப்படிப் பொங்கியது, வேலூரில் ஏன் செல்லை வெளியே எடுத்து ஏற்றினார்கள் என்று உங்களிடம் பேச ஆரம்பித்தால் சேர்த்துவிடுங்கள். இரண்டு வாரம் ஆகியும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை, அவளுக்கு வேண்டியது நோயாளி பக்கத்தில் நிற்கிற வேலைதான் என்று தெரிந்தால், இன்னொரு முறை நீட் எழுதட்டும், அல்லது நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளைப் பார்க்கலாம்.

பி.எச்டி. முடிக்க 28, 29 வயது ஆகிவிடுமே என்று உங்கள் மனைவி கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ஆகும். ஆனால் ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் 23, 24 வயதிலிருந்து அவள் செலவை அவளே பார்த்துக்கொள்வாள். கல்விக் கடன் என்று ஒன்று தேவைப்பட்டால் அதை எம்.எஸ்சி. வரைக்கும் தள்ளிப் போடுங்கள், அப்போது எந்த லேபுக்காக வாங்குகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.