பார்வையற்ற ஒருவருக்கு லேப்டாப் வாங்க ஊர்க்காரர்கள் சேர்ந்து கடன் கொடுப்பது நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். நான் அப்படிக் கடன் வாங்கியவன். பேராவூரணி பக்கம் ஒரு கிராமம், பிறவியிலேயே பார்வை கிடையாது. அந்தக் கடனில் வாங்கிய லேப்டாப்பில்தான் இந்தப் பதிலை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடி பக்கத்தில் உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார், அவருக்கு நன்கொடை வசூலிப்பதா, கடனாகக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடனாகவே கொடுங்கள். ஆனால் எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன்னால் எதற்குக் காசு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பார்த்துவிடுங்கள்.

திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு பைசா வேண்டாம். என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கினார், நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் விலையைவிட ஸ்கிரீன் ரீடர் விலை கூடுதலாக இருந்த எரிச்சலில் பிறந்தது அது. அதோடு வரும் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும், பத்து நாளில் பழகிவிடும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்கிற ஸ்கிரீன் ரீடர் கூடவே வருகிறது. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி 2020-ல் வந்தது, அதுவும் இலவசம்.

காசு கேட்பது இயந்திரம்தான். அதிலும் ஒரு வழி இருக்கிறது. தஞ்சாவூர் கடையில் பழைய லேப்டாப் 16,000 ரூபாய் சொன்னார்கள். அதே மாடல், திரை மட்டும் உடைந்தது, 9,000. எனக்கு எதற்குத் திரை? கடைக்காரர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார், “நெசமாவே இதுதான் வேணுமா?” என்று. ஏதாவது கோளாறு வந்து கண் தெரிந்தவர் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் வீட்டு டிவியில் கேபிள் மாட்டிக்கொள்வோம். விண்டோஸை புதிதாக ஏற்றும்போதுகூட கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதற்குள்ளேயே இருக்கும் குரல் பேச ஆரம்பித்துவிடும்.

திரையில் இருப்பதை விரலால் தடவிப் படிக்கிற புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்லி டிஸ்ப்ளே என்றால் கதை வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஆறு அல்லது எட்டு ஊசிகள், அவை மேலே எழும்பி இறங்க வேண்டும். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு ஊசிக்கும் மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு சின்னத் தகடு தனியாக உண்டு. இருபது எழுத்து என்றாலே நூறு ஊசிக்கு மேல், அதனால்தான் விலை அவ்வளவு அதிகம். ஆர்பிட் ரீடர் மாதிரி விலை குறைக்கவென்றே செய்த இருபது எழுத்துக் கருவியும் எங்களுக்கு மலைப்புதான். ஆனால் தமிழில் பிழையில்லாமல் எழுத வேண்டியவருக்கு அது ஆடம்பரம் இல்லை. குரல் வாசிக்கும்போது னகரமும் ணகரமும், ரகரமும் றகரமும் என் காதுக்கு ஒன்றுதான். ‘மனம்’ என்று அடித்தேனா ‘மணம்’ என்று அடித்தேனா என்பது விரலுக்குத்தான் தெரியும்.

சரி, கடனுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நன்கொடை கிடைத்த கதை. 2015-ல் ஒரு சங்கத்தார் எனக்குப் புத்தகம் படித்துச் சொல்லும் கருவி கொடுத்தார்கள். மேடை, பேனர், சால்வை எல்லாம் உண்டு. கருவி இங்கிலீஷ் மட்டும் படித்தது. எட்டே மாதத்தில் பேட்டரி போய்விட்டது. கேட்கப் போனால், தலைவர் மாறிவிட்டார் என்றார்கள். ஓசியில் வந்ததைப் பற்றி எப்படிச் சண்டை போடுவது? எனக்கு எது வேண்டும் என்று அந்த மேடையில் யாரும் கேட்கவில்லை என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதற்காகவே ஒரு விருந்து. வாங்குவதற்கு வட்டி கிடையாது. ஆனால் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது பழசைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதுசும் வைக்க வேண்டும். பழசு இவ்வளவு, புதுசு இவ்வளவு என்று நோட்டில் பிரித்து எழுதுவார்கள். ஊரில் என் வயதுக்காரன் ஒவ்வொருவன் பேரும் யாராவது ஒருவர் நோட்டில் இருந்தது. என் பேர் மட்டும் எதிலும் இல்லை. எனக்கு ஆயிரம் ரூபாய் தர்மம் கொடுக்க யாரும் தயங்கியதில்லை. ஐந்நூறு ரூபாய் கடன் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

2017-ல் சித்தியிடம் கேட்டேன். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்.

“உனக்கு எதுக்குடா கடன்? சொன்னா யாராச்சும் சும்மாவே வாங்கித் தருவாங்களே.”

“சும்மா வேணாம் சித்தி. நோட்டுல எழுதுங்க.”

சித்தி, மாமா, எதிர்வீட்டு அண்ணன், இன்னும் இரண்டு பேர். ஆளுக்கு மூவாயிரம். லேப்டாப்புக்கு ஒன்பது போக மீதி ஆறாயிரத்தை அப்படியே கையில் கொடுக்காமல் பிரித்தோம். பாதி, தஞ்சாவூரில் ஒருவரிடம் இரண்டு வாரம் தங்கிக் கீபோர்டு பழகுவதற்கு. பாதி, ரிப்பேருக்கு. பயிற்சிக்கும் ரிப்பேருக்கும் காசு ஒதுக்காத கடன் பரணில் கிடக்கும் பொருளாகத்தான் முடியும். என் பழைய கருவி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

தவணை மாதம் 500, டியூஷன் காசிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் தவணை இல்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம், மழை மாதத்தில் இங்கே யார் கையிலும் காசு இருக்காது. இதைத்தான் வாரத் தவணைக் குழுக்கடன்காரர்கள் புரிந்துகொள்வதில்லை, தண்ணீர் நிற்கிற வாசலிலும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தயவுசெய்து அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தது. கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. டியூஷன் நின்றது, என் தவணையும் நின்றது. “மிச்சத்தை விட்டுடலாம்டா” என்றார் மாமா. அவர் தோப்பிலேயே நாலு மரம்தான் மிச்சம். வேண்டாம் என்றேன். கரண்ட் வந்ததும் நிவாரணம், இழப்பீடு என்று ஊர் முழுக்க மனு எழுத வேண்டியிருந்தது. நான் அடித்தேன், பென் டிரைவில் போட்டு பேராவூரணி ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தோம். மனுவுக்கு இருபது ரூபாய். மாமாவின் மனுவுக்கும் இருபது ரூபாய் வாங்கினேன். 2020 மாசியில் கடைசித் தவணை கட்டினேன்.

கட்டிய பணத்தை ஐந்து பேரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது சுற்றுகிறது. இதுவரை மூன்று பேருக்குப் போயிருக்கிறது, ஒருவர் தவணை கட்டாமல் திருப்பூர் போய்விட்டார். அதுவும் நோட்டில் இருக்கிறது.

உங்கள் ஊரில் தொடங்குவதென்றால், முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை இருந்தால் ஊன்றுகோல், பேசும் கடிகாரம், சில சமயம் போன்கூடக் கிடைக்கும். சும்மா கிடைப்பதற்குக் கடன் வாங்கக் கூடாது. பெரிய தொகை என்றால், 1997-ல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகத்தின் கடன் இங்கே கூட்டுறவு வங்கி வழியாகக் கிடைக்கும். ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜாமீன் கேட்பார்கள், அங்கே ஊர்க்காரர் கையெழுத்து உதவும். இன்னும் சிலர் இருந்தால் குழுவே தொடங்கலாம். மகளிர் குழு என்றால் பத்துப் பேராவது வேண்டும், மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு ஐந்து பேர் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தம்பியிடம் கேளுங்கள், அவருக்கு லேப்டாப்தான் வேண்டுமா என்று. பாடங்களை ஆடியோவாகக் கேட்டுப் படிப்பவர் என்றால் நல்ல போன் ஒன்றே போதுமாக இருக்கலாம்.

என் லேப்டாப்பில் இப்போது இரண்டு பட்டன் வேலை செய்வதில்லை. புதுசுக்கு மறுபடி கடன் கேட்டிருக்கிறேன். வரிசையில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்குப் பிரெய்லி கருவி. அவளுக்குக் கொடுத்த பிறகுதான், தை வரைக்கும் பொறு என்றிருக்கிறார் சித்தி.