முகத்துக்கு ஒரு நிறம், கழுத்துக்கு ஒரு நிறமா?

சாரல் தொடங்கியதிலிருந்து செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் பகுதிகளிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு முதல் புனலூர் வரை வாழும் தமிழ் வாசகியரிடமிருந்தும் வந்த கடிதங்களில் அன்றாட ஒப்பனை பற்றியவையே மிகுதி. ஒரே குறையைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லையின் இரு பக்கமும் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்துவரும் அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

தினமும் பள்ளிக்குப் பவுண்டேஷனும் பவுடரும் போட்டுச் செல்கிறேன். முகம் சாம்பல் பூத்ததுபோலவும் கழுத்து தனியாகக் கறுத்தும் தெரிவதாகச் சக ஆசிரியைகள் சொல்கிறார்கள். விலை கூடியதை வாங்கியும் பயனில்லை. என்ன தவறு செய்கிறேன்?
— ஓர் ஆசிரியை, புளியரை

விலை கூடியதை வாங்கியும் பயனில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி என்னை வருந்தச் செய்தது. பொருளில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. கடைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் புறங்கையில் தடவிப் பார்த்து, தம் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பானதையே எடுத்துக்கொள்கிறார்கள்; விற்பவரும் "இது உங்களுக்கு எடுப்பாக இருக்கும்" என்று அதையே நீட்டுகிறார். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அடியில் மஞ்சளோ செம்மையோ கலந்த ஒரு சாயல் இருக்கிறது. வெளிறிய பவுண்டேஷனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமி அந்தச் சாயலை மூடிவிடுவதால், முகம் பளிச்சென்று தெரிவதற்குப் பதிலாகச் சாம்பல் பூக்கிறது. அதன்மேல் வெள்ளை முகப்பவுடரையும் அப்பினால் குறை இன்னும் கூடுகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். புனலூரில் ஒரு திருமணத்துக்கு அதிகாலை நான்கு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் ஒப்பனையை முடித்தபோது பெண்ணின் முகம் நிறைவாகத்தான் தெரிந்தது. விடிந்தபின் கோயில் படியில் அவர் ஏறும்போது பார்த்தால், தாடையோரம் கோடு கிழித்ததுபோல் முகம் ஒரு நிறமாகவும் கழுத்து ஒரு நிறமாகவும் நின்றன. ஈரப் பஞ்சால் அந்த விளிம்பைத் துடைத்து, கழுத்துவரை இழுத்துவிட்டு ஒருவாறு சமன் செய்தேன் என்றாலும், அவருடைய தாயார் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. அன்று முதல் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் யாருக்கும் நிறம் தேர்ந்தெடுப்பதில்லை.

நீங்களும் அடுத்தடுத்த மூன்று நிறங்களைத் தாடை எலும்பின்மேல் கழுத்தை நோக்கிச் சிறு கோடுகளாக இழுத்துக்கொண்டு, கடைவாசலுக்கு வந்து ஒரு பத்து நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். சில வகைகள் தடவிய சற்று நேரத்தில் ஒரு படி கறுத்துவிடும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். எந்தக் கோடு இருக்குமிடம் தெரியாமல் தோலோடு கலந்துவிடுகிறதோ அதுவே உங்கள் நிறம். மஞ்சள் பூசிக் குளித்த நாளில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். தோலில் தங்கும் மஞ்சள் உங்கள் கண்ணை ஏமாற்றிவிடும். இப்போது கையிலுள்ள பவுண்டேஷனை எறிய வேண்டியதில்லை. அதே வகையில் இரண்டு படி அடர்ந்த நிறம் ஒன்று வாங்கி இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பட்டாணி அளவே தாராளம். அதையும் மூக்கோரம், முகவாய், கண்ணுக்கடியில் என்று தேவைப்பட்ட இடங்களில் மட்டும் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் போடும் வழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். துத்தநாக ஆக்சைடு உள்ள வகைகள் மாநிறத்தில் வெண்பூச்சாகத் தெரியும். அதற்காகச் சன்ஸ்கிரீனையே விட்டுவிடவோ, அளவைக் குறைக்கவோ கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். முறையாகப் பூசினால், வெயிலிலிருந்து காக்கும் திறனைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண் 30 உள்ளது, தோலைச் சுடும் புற ஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 உள்ளது 98 விழுக்காட்டைத் தடுக்கும். எனவே எண்ணைத் துரத்துவதைவிட, வெண்பூச்சு விடாத ஜெல் வகையைத் தேடி, போதிய அளவு பூசுவதே மேல்.

புனலூரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். காலையில் ரயில் ஏறும்போது எழுதிய கண்மை, தென்மலை தாண்டுவதற்குள் கண்ணுக்கடியில் கரி அப்பியதுபோல் இறங்கிவிடுகிறது. கண்மை இல்லாமல் போகவும் மனம் வரவில்லை.
— ஒரு வாசகி, செங்கோட்டை

மனம் வராதது இயல்பே. கண் எழுதாத முகத்தைப் பார்த்து "உடம்பு சரியில்லையா" என்று கேட்கும் ஊர் நம்முடையது. மலைக்கு அந்தப் பக்கமும் கண்மஷி இல்லாத பெண்களைக் காண்பது அரிது. கண்மை எண்ணெயும் மெழுகும் கலந்தது. கண்ணுக்கடியில் கிரீமோ சன்ஸ்கிரீனோ தலையிலிருந்து வழிந்த தேங்காயெண்ணெயோ இருந்தால் அதோடு கலந்து இளகி, மலைப்பாதையின் ஈரக்காற்றில் வியர்வையோடு கீழே இறங்குகிறது. ஆகவே எழுதுவதற்கு முன் மெல்லிய காகிதக் கைக்குட்டையால் கீழிமையை ஒற்றி எடுத்து, அங்கே சிறிது பவுடரைத் தொட்டு வைத்துவிட்டு, மேலிமையின் முடியோரம் மட்டும் எழுதிப் பாருங்கள். கீழே எழுதாமல் முடியாது என்றால் ஒரே ஒரு மெல்லிய கோடு இழுத்து, அதன்மேல் கறுப்பு ஐ ஷேடோவைச் சிறு பிரஷால் அழுத்தினால் கோடு நகராமல் நிற்கும். இமையின் உள்விளிம்பில் அப்பி எழுதுவதை விட்டுவிடுவது நல்லது. கண்ணீரை ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன, அவை அடைபட்டால் கண் உறுத்தும், கண்கட்டியும் வரக்கூடும். இரவில் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்த பிறகே முகம் கழுவுங்கள். சோப்பைப் போட்டுத் தேய்த்தால் இமைமுடி உதிரக்கூடும்.

என் நாத்தனார் கேட்காமலே என் கண்மையையும் லிப்ஸ்டிக்கையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சொன்னால் வீட்டில் மனவருத்தம் வரும்.
— ஒரு வாசகி, கடையநல்லூர்

உங்கள் எரிச்சல் நியாயமானது. மெட்ராஸ் ஐ என்னும் கண்வலியும், உதட்டில் வரும் அக்கிக் கொப்புளமும் இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகின்றன. அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவருக்குப் பிடித்த நிறத்தில் ஒரு லிப்ஸ்டிக்கும் ஒரு கண்மையும் வாங்கி, "இது உங்களுக்கு அண்ணி" என்றோ, வயதில் இளையவர் என்றால் பெயர் சொல்லியோ கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுடையதை அலமாரிக்குள் வையுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் கொடுத்த சிவப்பழகு கிரீமைப் பூசிய இரண்டே வாரத்தில் நிறம் மாறியது. டப்பாவில் கம்பெனி முகவரி இல்லை. தொடர்ந்து பூசலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

பூசாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அவ்வளவு விரைவாக வெளுக்க வைக்கும் கிரீம்களில் பெரும்பாலும் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ இருக்கும். பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. அதோடு நிற்காமல் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருப்பது தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்குமுன் சிவப்பழகு கிரீம் பூசியிருந்தனர். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்பகுதிக்கானவை தவிர்த்த அழகுப்பொருள்களில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முகவரியே இல்லாத டப்பா எந்த விதிக்கும் கட்டுப்பட்டு வந்ததாக இருக்க முடியாது.

காலிலோ முகத்திலோ வீக்கம் இருந்தாலோ சிறுநீர் நுரைத்துப் போனாலோ, அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அறிகுறி ஏதும் இல்லையென்றாலும் ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஸ்டீராய்டு இருந்திருந்தால், நிறுத்தியதும் முகம் சிவந்து எரியக்கூடும், பயந்துபோய் மீண்டும் அதையே பூசத் தோன்றும். உங்கள் சொந்த நிறத்தில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை, சகோதரி. மாநிறப் பெண்ணுக்கு அவருடைய நிறத்திலேயே ஒப்பனை முடித்து, கண்ணாடியை அவர் பக்கம் திருப்பும்போது முகத்தில் வரும் மலர்ச்சியைப் பலமுறை பார்த்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வட்டமாக வெளுத்துவிட்டது. பெரிய பொட்டாக வைத்து மறைத்துவருகிறேன்.
— ஒரு வாசகி, ஆரியங்காவு

மறைப்பதற்காக வைக்கும் பெரிய பொட்டு அந்த வெளுப்பையும் பெரிதாக்கும். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் பொருள் நிறமி உயிரணுக்களைச் சிதைப்பதால் இது நேர்கிறது. ஸ்டிக்கரை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே நிறுத்தியவர்கள் பலருக்கு நிறம் திரும்பியிருக்கிறது. அதுவரை அந்த இடத்தில் குங்குமமும் வேண்டாம். சிறிது மேலே தள்ளிச் சந்தனம் இழைத்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் சந்தனக்குறி இல்லாத நெற்றியே குறைவு என்பதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

திருமணத்துக்கு வாங்கிய மேக்கப் பெட்டி நான்கு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, புனலூர்

மஸ்காராவையும் திரவ ஐலைனரையும் எடுத்து எறிந்துவிடுங்கள். திறந்த மஸ்காராவுக்கு மூன்று மாதமே ஆயுள். மற்றவற்றின் அடியில் மூடி திறந்த டப்பாவின் படத்துக்குள் 12 எம், 24 எம் என்று அச்சிட்டிருப்பார்கள். திறந்த பின் அத்தனை மாதங்கள்தான் கணக்கு.