எட்டு வயதில் பாடத் தொடங்கிய கனடியப் பாடகி ஷனாயா ட்வெயின் புகழ்பெற முப்பது வயதானது ஏன்? இடையில் போன ஆண்டுகள் வீண்தானே?

வீண் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் பாடுகிற பிள்ளை இருக்கக்கூடும். வயது போகிறதே என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே டிம்மின்ஸ் என்ற சுரங்க ஊரில், சாப்பாட்டுக்கே இழுபறியான வீட்டில் வளர்ந்தவர் அவர். எட்டு வயதில் மதுச்சாலைகளில் பாடியது வீட்டுச் செலவுக்காக. மது விற்பனை நின்றபின், நள்ளிரவு தாண்டித்தான் மேடை கிடைக்கும். 1987இல் தாயும் வளர்ப்புத் தந்தையும் கார் விபத்தில் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதே மாகாணத்தின் ஹன்ட்ஸ்வில் ஊரில் ஒரு சுற்றுலா விடுதியின் இரவு நிகழ்ச்சிகளில் பாடிச் சம்பாதித்துத் தம்பிமாரையும் தங்கையையும் பார்த்தார். அவர்கள் தலையெடுத்த பிறகுதான் 'கன்ட்ரி' என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போனார். 1993இல் வந்த முதல் இசைத்தொகுப்பு பெரிதாக விற்கவில்லை. இரண்டாவது, 1995இல்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது.

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றால், எங்களை வளர்த்தது என் அக்கா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மேடைகளில் பாடியவள். அப்பா அம்மா போனபின் எங்களைக் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோ வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தாள். ஷனாயாவின் மூன்றாவது தொகுப்பான 'கம் ஆன் ஓவர்' வந்த காலம். அங்கே வானொலியில் அந்தப் பாட்டுகள்தான். ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத அக்கா, பெட்டி அடுக்கியபடியே எல்லாவற்றையும் சுருதி பிசகாமல் பாடுவாள். அவளைப் பார்த்து "பாட்டை வீணாக்கிப்போட்டாய்" என்று சொந்தக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் படித்தவன் நான். எனக்கு அது பொறுக்காது.

ஷனாயா பாடுவது கன்ட்ரி இசையே இல்லை, பாப் என்று சிலர் வருவீர்கள். அப்போது கணவராக இருந்த மட் லாங்கே தயாரித்ததால்தான் வென்றார் என்பீர்கள். அவர் பங்கு பெரியது, மறுக்கவில்லை. ஆனால் உலகெங்கும் சுமார் 4 கோடி விற்ற 'கம் ஆன் ஓவர்' தொகுப்பின் பாட்டுகளை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். பிறகு உண்ணி கடித்து வரும் லைம் நோயால் ஷனாயாவின் குரல் நரம்புகள் கெட்டு, 2002க்குப் பின் அடுத்த தொகுப்பு 2017இல்தான் வந்தது. அப்போதும் அவர் விடவில்லையே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நம் விழாக்களில் பாட வந்த பிள்ளைகளைப் பட்டுச்சட்டையோடு இரவு பதினொரு மணிவரை உட்கார வைக்கிறார்கள். மேடையில் பொன்னாடையும் பேச்சும் முடிவதில்லை. கடைசியில் "நேரமில்லை, ஒரு சரணம் போதும்" என்கிறார்கள். என் அக்கா மகளுக்கும் போன வருடம் இதுதான் நடந்தது. விழாக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், பிள்ளைகளை முதலில் பாட விடுங்கள். பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம்.