அவர் என்னதான் சொன்னார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு கூட்டத்தில் இறைநம்பிக்கை பற்றி ஒருவர் பேசியதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததாகச் செய்தி படித்தேன். வீட்டுக்கு வரும் நாளிதழிலும், நூலகத்தில் பார்த்த மற்ற இரண்டிலும், ‘சர்ச்சைக்குரிய வகையில் பேசினார்’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. இதைக் குறையாகச் சொன்னபோது, “ஊர் அமைதிக்காகத்தானே விட்டிருக்கிறார்கள், அதில் என்ன தவறு?” என்று என் மகன் கேட்டான். எனக்கும் அது சரி என்றே பட்டது. பக்தியுள்ள ஒருவனாகக் கேட்கிறேன்: எங்கள் மனத்தைப் புண்படுத்திய சொற்களை இதழ்கள் மறுபடி அச்சிட்டுப் பரப்பத்தான் வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு மதத்தைப் பற்றியது என்றால் உரக்கப் பேசும் எழுத்தாளர்கள், வேறொன்று என்றால் ஏன் வாய் திறப்பதில்லை?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். மதக் கலவரச் செய்திகளில் தாக்கியவர், தாக்கப்பட்டவர் இருவரின் மதத்தையும் குறிப்பிடாமல் ‘இரு பிரிவினர்’ என்று எழுதும் வழக்கம் நம் இதழ்களில் நெடுங்காலமாக உண்டு. ஓர் ஊரில் சிந்திய ரத்தத்துக்கு இன்னோர் ஊரில் பழிவாங்கல் நடந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கலவரத்துக்கு ஏற்பட்ட வழக்கத்தைச் சொல்லைப் பற்றிய சர்ச்சைக்கும் அப்படியே பொருத்துவது பெரும்பிழை. கலவரச் செய்தியில் மதத்தின் பெயரை விட்டாலும், கடை எரிந்தது, ஆள் காயம்பட்டார் என்று நடந்தது தெரிந்துவிடுகிறது. சொல்லால் எழுந்த சர்ச்சையில் அந்தச் சொல்தான் நிகழ்ச்சியே. அதை நீக்கிவிட்டால் செய்தியில் மிஞ்சுவது கோபம் மட்டும்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணையாசிரியராக இரவுப் பணியில் இருந்தேன். அப்போது இதே போன்ற ஒரு கூட்டத்தைப் பற்றி நிருபர் நான்கு பத்திகள் அனுப்பியிருந்தார். மூன்றாம் பத்தியில் பேச்சாளரின் இரண்டு வாக்கியங்கள் மேற்கோள் குறிக்குள் அப்படியே இருந்தன. பொறுப்பிலிருந்தவர் “வம்பு வேண்டாம்” என்றார். நான்தான் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘ஆட்சேபகரமான கருத்துகளைத் தெரிவித்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தவர்கள் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “அவர் என்னதான் சொன்னார்?” அவர்களுள் ஒருவர், கடவுளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாராமே என்றார். இன்னொருவர், கோயிலை இடிக்கச் சொன்னாராமே என்றார். பேச்சாளர் அவற்றில் எதையும் சொல்லவில்லை. ஒரு சடங்குக்கு ஆகும் செலவைப் பற்றித்தான் பேசியிருந்தார். கடுமையாகப் பேசியிருந்தார் என்பது உண்மை. அந்த வதந்திகளை மறுப்பதற்கான ஒரே ஆதாரம், நான் அடித்த மூன்றாம் பத்தி, என் மேசையில் கிடந்தது. அமைதிக்காக என்று நான் செய்த காரியம், அந்த மனிதரின் சொற்களை அவருடைய எதிரிகளின் வாயில் ஒப்படைத்ததாக முடிந்தது. அந்த வெட்கம் இன்றும் எனக்கு இருக்கிறது.

திருச்செங்கோட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010இல். எதிர்ப்பு மூண்டதோ 2014 டிசம்பரில், நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் விநியோகிக்கப்பட்ட பிறகு. நாவலைக் கண்ணாலும் பார்த்திராதவர்களுக்கு அந்த நகல் தாள்களே நாவலாகிவிட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘அமைதிப் பேச்சுவார்த்தை’யில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு இணங்க நேர்ந்தது, அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, நீதிபதிகள் நாவலைப் படித்திருந்தார்கள் என்பதுதான். நாவலில் வரும் தம்பதியான காளியின் கதையை, பொன்னாவின் கதையை, குழந்தையின்மையால் அவர்கள் பட்ட அவமானத்தை, சர்ச்சைக்குள்ளான திருவிழாப் பகுதியை அதனதன் இடத்தில் வைத்து விரிவாக எழுதிய பிறகே தீர்ப்புக்கு வந்தார்கள். பிடிக்காத நூலைத் தூக்கி எறியலாம், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்றார்கள். எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்றார்கள். சர்ச்சைக்குரியது என்று சொல்லப்பட்டதைத் தயங்காமல் எடுத்துரைத்து ஒரு நீதிமன்றம் செய்ததைத்தான், எழுத்தையே தொழிலாகக் கொண்ட இதழ்களிடம் நான் கேட்கிறேன்.

இதழாளர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன். 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 295அ பிரிவு, 2024 ஜூலை முதல், அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்றாண்டு வரை சிறை. வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் மத உணர்வைப் புண்படுத்தினால்தான் அது குற்றம் என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. செய்தி தருவதற்காக ஒருவரின் பேச்சை மேற்கோள் காட்டுபவரிடம் அந்த நோக்கம் இருக்க வழியில்லை. ஆனால் அதை நிரூபிப்பதற்குள் வழக்கே தண்டனையாகிவிடுகிறது. மும்பையில் ஓர் உருது நாளிதழின் ஆசிரியர் ஷிரீன் தல்வி, 2015 ஜனவரியில் நபியை வரைந்திருந்த, ‘சார்லி ஹெப்டோ’ என்ற பிரெஞ்சு நையாண்டி இதழின் அட்டைப்படத்தைச் செய்தியுடன் வெளியிட்டார்; மன்னிப்பும் கேட்டார். அப்படியும் பல காவல் நிலையங்களில் அவர்மீது வழக்குகள் பதிவாயின, கைது செய்யப்பட்டார், அவருடைய பதிப்பு மூடப்பட்டது. இதைக் கண்ட ஒரு சிறிய இதழ் ஒதுங்கிக்கொண்டால் அதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வழக்குரைஞர் படையே வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், தங்கள் அச்சத்தைப் ‘பொறுப்புணர்ச்சி’ என்று பெயர் மாற்றி அழைக்கும்போதுதான் வருகிறது.

அரசு எப்படி நடக்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் பற்றிய 1989 தீர்ப்பில், ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் ஆகியவற்றைக் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிப்பதையும் அது ஏற்கவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். அச்சிடத்தான் வேண்டும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வேண்டாம். உள்ளே, எந்தச் சூழலில் பேசினார் என்ற விவரத்தோடு, புண்பட்டவர்களின் பதிலையும் அதே நீளத்தில் அருகில் வைத்து அச்சிட வேண்டும். உங்கள் பக்திக்கும் அதுவே மரியாதை என்று நான் நம்புகிறேன். எது உங்களைப் புண்படுத்தியது என்று மற்றவர்களுக்குத் தெரியாதபோது, காரணமில்லாமல் கொதிப்பவர்களாகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். ஆனால் அடி, கொல், எரி என்று தூண்டும் பேச்சை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பாதுகாப்புக் கேட்க எனக்கு வாய் வராது.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் வைத்திருக்கும் குற்றச்சாட்டை ஏற்கிறேன். கேரளத்தில், தொடுபுழாக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் டி. ஜே. ஜோசப், ஒரு தேர்வுத்தாளில் நிறுத்தற்குறி இடச் சொல்லித் தந்த சில வரிகள் நபியை இழிவுபடுத்துவதாகச் சொல்லி, 2010 ஜூலையில் அவருடைய கையை வெட்டினார்கள். அவர் பணியாற்றிய கல்லூரியும் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2017 மார்ச்சில் கோவையில், நாத்திகக் கருத்துகளை வெளிப்படையாகப் பகிர்ந்துவந்த ஃபாரூக் கொல்லப்பட்டார். பெருமாள்முருகனுக்காக எழுந்த குரல்களில் பாதிகூட ஃபாரூக்குக்காக எழவில்லை. சிறுபான்மையினர்மீது வெறுப்பு வளர நம் எழுத்து உதவிவிடுமோ என்ற தயக்கம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. ஃபாரூக்கைப் பற்றி அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. அவரும் அதே சிறுபான்மையான முஸ்லிம் சமூகத்தில் பிறந்தவர்தான், அங்கிருந்து தனித்து நின்றவர். நம் ஆதரவு யாரையும்விட அவருக்குத்தான் தேவைப்பட்டது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

நீங்கள் குறிப்பிட்ட கூட்டத்தின் பேச்சு முழுமையாகக் கிடைத்தால் படியுங்கள், அல்லது கேளுங்கள். அதன் பிறகும் மனம் புண்பட்டிருந்தால், எந்த வரி, ஏன் என்று எனக்கு எழுதுங்கள். அந்த வரியையும் உங்கள் மறுப்பையும், ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.