பழைய வீடியோவில் காட்சி மாறும் இடங்களைக் கணினியே கண்டுபிடித்து வெட்டித் தருமா?

கேட்டவர் தன் பெற்றோரின் கல்யாண நாடாவைக் கணினியில் ஏற்றிவிட்டாராம். அதைக் காட்சி காட்சியாகத் தானாக வெட்டும் மென்பொருள் வேண்டும் என்கிறார். ஒருவர் "ஒரே கட்டளை, இரண்டு நிமிட வேலை" என்று பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த வேலைக்கு நான்கு மாதம் கொடுத்தவன் நான்.

நான் வளர்ந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். 1991இல் யாரிடமோ ஒரு பழைய வி.எச்.எஸ். கேமரா வாங்கினார். அதற்கப்புறம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் எடுப்பது அவர்தான். அவர் போன பிறகு பதினொரு நாடாக்கள் என் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு நாடாவுக்கு 270,000 படம்.

மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு படங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டு ஓர் எண் போடும். எண் நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் அங்கே காட்சி மாறியதாகக் குறித்துக்கொள்ளும். பைசீன்டிடெக்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் வழக்கமான வரம்பு 27. எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு மென்பொருளில் அளவு 0 முதல் 1 வரை, பலரும் 0.3, 0.4 என்று வைப்பார்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்து, நிறுத்தி, வேறு இடத்தில் மறுபடி எடுத்த நாடாவுக்கு இது போதும். உங்களுடையது அப்படி என்றால் அந்த இரண்டு நிமிடப் பதிலே சரி. அதை நான் மறுக்கவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

கல்யாண நாடா பெரும்பாலும் அப்படி இருக்காது. தாலி கட்டும்போது போட்டோக்காரர் ஃபிளாஷ் அடிப்பார். படம் ஒரு கணம் வெள்ளையாகும். வெள்ளைக்குப் போனது ஒரு வெட்டு, திரும்பி வந்தது இன்னொரு வெட்டு என்று மென்பொருள் எண்ணும். அக்கா கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிய ஒரே நிமிடம் எனக்கு 40 துண்டாக வந்தது. இரண்டு வெட்டுகள் அரை நொடிக்குள் வந்தால் அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பாருங்கள். ஒன்றுபோல இருந்தால் சேர்த்துவிடலாம்.

ஸ்டூடியோ நாடாவில் தொல்லை வேறு மாதிரி. இதய வடிவத்துக்குள் மணமக்கள் மெல்ல விரிவார்கள். பக்கத்துப் படங்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் எண் ஏறாது. இதற்கு 1993இலேயே சிங்கப்பூரில் மூன்று ஆய்வாளர்கள் வழி எழுதிவிட்டார்கள்: இரண்டு வரம்பு வைப்பது. சின்ன வரம்பைத் தாண்டியதும் வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் பெரிய வரம்பைத் தொட்டால் அது மெல்ல நடந்த மாற்றம்.

எனக்கு மனசு விட்டுப்போனது இருட்டில்தான். திருவிழா இரவில் சாமி ரதம் லயத்து வழியாக வரும். அப்பா வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரே இடத்தில் நின்று எடுப்பார். 1993இல் பாட்டி அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நிற்கிறார். அங்கே நிறுத்திய நாடாவை அடுத்த வருடத் திருவிழாவுக்குத்தான் அப்பா மறுபடி போட்டிருக்கிறார். அதே வாசல், அதே இருட்டு. மென்பொருள் போட்ட எண் வெறும் 9. இரண்டு வருடமும் ஒரே காட்சியாக வந்துவிட்டது.

அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், "நிறுத்து, நிறுத்து. இது அடுத்த வருசம். பாட்டியக் காணோம் பாரு" என்றார். பாட்டி 1994 தைப்பூசத்துக்கு முன்பே தவறிவிட்டார்.

அதனால் வரம்பை 8க்கு இறக்கி எல்லா நாடாவையும் மறுபடி ஓட்டினேன். கேமரா கொஞ்சம் ஆடினாலும் ஒரு குறி விழுந்தது. அத்தனையையும் அம்மாவோடு உட்கார்ந்து கண்ணால் பார்த்துத்தான் தள்ளினேன். நான்கு மாதம் இதற்குத்தான் போனது.

இன்னொன்று. முதலில் ஈப்போவில் ஒரு கடையில் நாடாவுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மாற்றினேன். அவர்கள் நொடிக்கு 30 படமாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வெட்டு விழும் இடத்தில் பழைய படமும் புதிய படமும் கலந்து மங்கலாகி, மென்பொருள் பாதியைத் தவறவிட்டது. கேட்டதற்கு "பழைய நாடா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எல்லாவற்றையும் நானே மறுபடி பதிய வேண்டியதாயிற்று. உங்கள் கோப்பில் நொடிக்கு எத்தனை படம் என்று முதலில் பாருங்கள்.

சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தபோது ஒருவரும் கேட்கவில்லை. இப்போது "எங்க கல்யாணம் வர்ற இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போடு" என்கிறார்கள். அந்த லயம் இன்று இல்லை, இடித்து வீடமைப்புப் பகுதி ஆக்கிவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் மீதியில்தான் அது இருக்கிறது.

கேட்டவருக்கு: முதலில் காட்சி மாறும் இடங்களின் பட்டியல் மட்டும் எடுங்கள், எதையும் வெட்டாதீர்கள். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். ஃபிளாஷா, இருட்டா, ஸ்டூடியோ வேலையா, எது அதிகம் என்று எழுதினால் எந்த வரம்பில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.